கட்டின கை

"வியாழக்கிழமை எனக்கு வேணும் சார்."

தகரக் கூரை மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருந்தவர் காதில் விழவில்லையோ என்று அவள் இரண்டாம் தடவை அடித்தொண்டையிலிருந்து கத்தினாள். மழைக்கு அவள்மேல் என்ன கோபமோ, அந்த நேரம் பார்த்துச் சட்டென்று ஓய்ந்தது. "வியாழக்கிழமை எனக்கு வேணும்!" என்ற சத்தம் பட்டறை முழுக்கப் போய், கடைசி மூலையில் வெல்டிங் பொறி பறந்த இடத்தில் முட்டித் திரும்பி வந்தது. கடைசல் எந்திரங்களின் முன்னால் நின்றவர்கள் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பினார்கள்.

வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே அப்பா சொல்லியிருந்தார். "என்ன வேணா கேளு. கையுறை கிழிஞ்சா கேளு. வயித்துவலின்னு லீவு கேளு. வியாழக்கிழமையை மட்டும் வாயைத் திறந்து கேட்டுடாத. நீ கேக்க மாட்டேன்னு நான் வாக்குக் குடுத்துத்தான் உன்னை உள்ளே விட்டிருக்காங்க."

அவள் பொறியியல் பயிலுநர். மற்ற நாளெல்லாம் பட்டறை, வியாழக்கிழமை கல்லூரி என்பதுதான் திட்டம். பட்டறையில் கை பழகும், கல்லூரியில் புத்தி பழகும், இரண்டும் சேர்ந்தால் ஒரு பொறியாளர் என்று சேரும்போது சொன்னார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நடைமுறையில் அவளை இரண்டு வீட்டுக்கும் ஆகாத மருமகளாக்கிவிட்டது. கல்லூரிப் பரீட்சையில், 'கடைந்த பரப்பின் வழவழப்பை எப்படிச் சோதிப்பாய்' என்று கேட்டிருந்தார்கள். 'நகத்தால் குறுக்கே சுரண்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்' என்று எழுதினாள். பட்டறையில் எல்லோரும் அப்படித்தான் பார்க்கிறார்கள். அளவியல் எடுக்கும் மேடம் அந்தத் தாளைத் தூக்கிக் காட்டி, "நகம் வெட்டிட்டு வந்த அன்னைக்கு என்னம்மா பண்ணுவே?" என்றார். வகுப்பே சிரித்தது. பட்டறையிலோ வேறு கதை. ஒருநாள் எந்திர வேகத்துக்குக் கணக்குப் போட்டுக்கொண்டு நின்றபோது, "நீ கணக்கை முடிக்கிறதுக்குள்ள டூல் தன் கணக்கை முடிச்சுக்கும்" என்றார் கண்ணாடி அறைக்காரர். அன்றிலிருந்து பட்டறையில் அவள் பெயர் 'காலேஜு.'

கண்ணாடி அறைக்காரருக்கும் பெயர் உண்டு: மைக்ரான். தலைமுடியை நெடுக்கே பல கூறு போட்டால் வரும் ஒரு கூறுதான் மைக்ரான். அதற்குமேல் பிசகினால் அவர் யாரையும் மன்னிப்பதில்லை. கல்லூரி வாசலை மிதிக்காமல் மேற்பார்வையாளர் ஆனவர். வேலை சொல்லிக்கொடுப்பதில் கஞ்சத்தனம் இல்லை. டூலை எப்படித் தீட்டுவது, இரும்பின் சத்தத்தை வைத்து எப்படி நோயைக் கண்டுபிடிப்பது என்று அவளுக்குப் பொறுமையாகக் காட்டியவர் அவர்தான். கஞ்சத்தனமெல்லாம் வியாழக்கிழமையில்தான்.

இப்போதும் அவர் கோபப்படவில்லை. தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு, "யாரும்மா வேணாம்னது? தாராளமாப் போயிட்டு வா. மெஷின்ல இருக்கிற வேலையை முடிச்சு இறக்கி வெச்சுட்டுப் போ" என்றார்.

"மெஷின் காலியாத்தான் இருக்கு சார். தண்டைக் காலையிலேயே முடிச்சு இறக்கிட்டேன்."

"காலியா கிடக்கா? அடடா, புதன்கிழமை மத்தியானம் மெஷின் காலியா இருக்கலாமா?"

கையைக் காட்டினார். தள்ளுவண்டியில் ஒரு பெரிய இரும்புத் தண்டு வந்தது. ஆள் நீளம், தொடைக் கனம். இன்றைக்கு மிச்சமிருக்கும் பொழுதும் போதாது, நாளைக்கு முழுப் பகலும் பிடிக்கும்.

இதுதான் அந்தப் பட்டறையின் சூட்சுமம். அங்கே ஒரு பழக்கம் உண்டு: கட்டின கைதான் அவிழ்க்கணும். எந்திரத்தில் ஒரு தண்டைப் பொருத்தியவர்தான் அதை முடித்து இறக்க வேண்டும். அடுத்தவர் தொடக் கூடாது. அதில் நியாயமும் இருந்தது. எந்திரத்தின் பிடியான நாலு தாடை சக்கில் இரும்பைக் கவ்வி, அளவுமானி ஊசி ஆடாதபடி நேராக்குவதற்குள் பாதிப் பொழுது போய்விடும். இன்னொருவர் கழற்றி மாட்டினால் அந்த நேர் தப்பும், தண்டு கோணும், பிறகு பழியை யார் தலையில் போடுவது? மைக்ரான் அந்த நியாயத்தை எடுத்துத்தான் அவள் காலைக் கட்டினார். கல்லூரிக்குப் போகாதே என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. புதன்கிழமை மதியம் ஒரு பெரிய தண்டை அனுப்பிவிடுவார், அவ்வளவுதான். அவளும் முதலில் தற்செயல் என்றே நினைத்தாள். ஒரு மாதம் முழுக்கத் தற்செயல் நடக்குமா?

"நாளைக்கு அளவியல் செய்முறை சார். கடைசி வாய்ப்பு. அதுக்குப் போகலைன்னா இந்த வருஷம் பரீட்சை எழுத விட மாட்டாங்க."

"ஸ்பானரே!" என்று மைக்ரான் கூப்பிட்டார்.

வெளிச்சமான ஜன்னலோரம் பிட்டர் மேஜையில் குனிந்திருந்த அவள் அப்பா, கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். நடை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. மழைக்காலத்தில் அவருடைய முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்காது.

"உன் பொண்ணு ஏதோ கேக்குதுய்யா. கேக்காதுன்னு யாரோ சொன்ன ஞாபகம்."

"சின்னப் பொண்ணு சார். தெரியாம கேட்டுட்டா."

"தெரிஞ்சுதான்பா கேட்டேன்."

"வாயை மூடு!" அப்பா அவளைப் பார்க்காமலே சொன்னார். "நான் பேசிக்கிறேன் சார். தண்டை ஏத்திடுவா."

"ஏத்தட்டும். எனக்கு யார்மேலயும் கோபம் கிடையாது. பின்னால பழைய இரும்புக் கொட்டகைக்கு ஒரு ஆள் தேவைப்படுது, யாரை அனுப்பறதுன்னுதான் யோசிக்கிறேன்." மைக்ரான் மறுபடி தேநீரை எடுத்தார். "முக்காலுக்குத் துணையா ஒரு அரை வந்தாச்சு. இன்னும் ஒரு கால் வந்தா நாற்காலி பண்ணிடலாம்."

பக்கத்து எந்திரக்காரன் சிரித்தான். முக்காலும் சிரித்தான். அவனும் பயிலுநராக வந்தவன்தான். படிப்பில் முக்கால்வாசி தாண்டியதும் இதே மாதிரி வியாழக்கிழமைகள் போய், பரீட்சை போய், அப்படியே இந்தக் கடைசல் எந்திரத்தோடு தங்கிவிட்டான். பட்டறை அவனுக்கு வைத்த பெயர் முக்கால் இன்ஜினியர். பிறகு அதிலும் இன்ஜினியர் உதிர்ந்துபோய் முக்கால் மட்டும் மிஞ்சியது. தன்னைப் பற்றிய கேலிக்கு அவனே முதலில் சிரிப்பான். அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் அவள் தன் எந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

தண்டை எந்திரத்தில் ஏற்ற ஆள் வேண்டும். மேலே தொங்கும் கப்பியின் சங்கிலியை ஒருவர் இழுக்க வேண்டும், தண்டு ஆடாமல் ஒருவர் பிடிக்க வேண்டும். முக்கால் சங்கிலியைப் பிடித்தான். அவள் தண்டை சக்கின் பக்கம் கொண்டுபோகவில்லை. சக்கையே கழற்றிக் கீழே வைத்திருந்தாள்.

"என்ன காலேஜு, சக்கு எதுக்குக் கோவிச்சுக்கிட்டுக் கீழ போச்சு?"

"வண்டியில வெச்சே ரெண்டு பக்கமும் சென்டர் துளை போட்டிருக்கேன் அண்ணே. ரெண்டு முனைக்கு நடுவுல தொங்கவிட்டு ஓட்டப்போறேன்."

முக்காலின் கை சங்கிலியில் நின்றது. சக்கில் கவ்வாமல், தண்டின் இரண்டு நுனியிலும் கூம்புத் துளை போட்டு இரண்டு கூர்முனைகளுக்கு இடையில் நிறுத்துவது பழைய முறை. நேரம் பிடிக்கும் என்று அந்தப் பட்டறையில் அதை விட்டுவிட்டார்கள். ஆனால் அதில் ஒரு சௌகரியம் உண்டு. அந்தத் தண்டை எத்தனை தடவை கழற்றினாலும், யார் மாட்டினாலும், அதே துளை அதே முனையில் போய் உட்காரும். நேர் தப்பாது. புத்தகத்தில் இரண்டே வரி. அவள் அந்த இரண்டு வரியை ஒரு மாதமாக மென்றுகொண்டிருந்தாள்.

"ரெண்டாம் வருஷப் பாடம்," என்றான் முக்கால். சிரிக்கவில்லை. "நானும் படிச்சேன்."

"அப்போ செஞ்சிருக்கலாமே அண்ணே?"

"படிச்சதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு அப்போ தோணல." சங்கிலியை மெல்ல இழுத்தான். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா உங்கப்பா..."

"தெரியும்."

மாலைச் சங்கு ஊதும்வரை அவள் கடைந்தாள். சூடு தணிக்கும் கூலண்ட் வெள்ளையாகப் பாய, நீலம் பாரித்த சுருள்கள் கீழே விழுந்துகொண்டிருந்தன. தண்டு பாதி கறுப்பும் பாதி வெள்ளியுமாக நின்றது. இப்போதே இறக்கிவிடலாமா என்று கை பரபரத்தது. ஜன்னலோர மேஜையில் அப்பா தன் அரங்களை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். அவள் விளக்கை அணைத்துவிட்டு வந்துவிட்டாள்.

வீட்டில் மூன்று பேருக்கு ஒன்றரை அறை. அரை அறையில் சமையல். அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. நாள் முழுக்கக் கொதிக்கும் நீராவியில் படுக்கை விரிப்புகளைத் தேய்த்து மடித்து, வீட்டுக்கு வரும்போது கை இரண்டும் ஊறப்போட்ட பயறு மாதிரி உப்பியிருக்கும். மூன்று தட்டில் சோறும் அவித்த முட்டையும் வைத்துவிட்டு, இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள்.

"என்ன, ரெண்டு பேரும் ஆளுக்கொரு சுவரைப் பாத்துச் சாப்பிடறீங்க?"

"உன் பொண்ணைக் கேளு," என்றார் அப்பா. "பட்டறையே கேக்கக் கேட்டா. மழை கூட நின்னு கேட்டுச்சு."

"வியாழக்கிழமையையா?"

"அதேதான்."

அம்மா முட்டையை உரித்தாள். "ம். ஒருநாள் கேப்பான்னு தெரியும்."

"தெரியுமா? தெரிஞ்சு சொல்லவும் இல்லை நீ! நான் அந்த மனுஷன்கிட்ட வாக்குக் குடுத்திருக்கேன்டி. எத்தனை பேரு வாசல்ல நின்னாங்க. ஸ்பானரு பேச்சை நம்பி எடுக்கிறேன்னு சொல்லித்தான் இவளை எடுத்தாரு. எங்கிட்ட வேற என்ன இருக்கு? சொன்னா சொன்ன சொல்லு. அது ஒண்ணுதான்."

"உங்க சொல்லுப்பா," என்றாள் அவள். "என் வியாழக்கிழமை. உங்க சட்டைப்பையிலேர்ந்து எடுத்துக் குடுத்திருந்தா நான் கேக்க மாட்டேன். என் பையிலேர்ந்து எடுத்துல்ல குடுத்திருக்கீங்க."

"பாத்தியா பேச்சை? காலேஜ் பேச்சு!"

"காலேஜுக்குப் போயி ஒரு மாசம் ஆச்சு. இது நம்ம வீட்டுப் பேச்சு."

அம்மா சிரிப்பை அடக்கிக்கொள்ளத் தண்ணீர் குடித்தாள். அப்பாவுக்கு அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"சிரி. நல்லா சிரி. நாளைக்கு நான் கொட்டகையில மழையில நின்னு துருப்பிடிச்ச இரும்பை அறுக்கும்போது வந்து பாத்துச் சிரி. இந்த முட்டியை வெச்சுக்கிட்டு."

மேல்வீட்டில் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை. அந்த முழங்காலுக்கு இரவில் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பவள் அவள்தான். எந்த இடத்தில் அழுத்தினால் அவர் பல்லைக் கடிப்பார் என்று அவளுக்குத் தெரியும்.

"ஒரு வருஷம்தானே," என்று அப்பா குரலைத் தணித்தார். "ஒரு வருஷம் தள்ளிப்போனா குடிமுழுகியா போயிடும்? அடுத்த வருஷம் எழுதிக்க. ஆர்டர் குறைஞ்சா அவரே அனுப்புவாரு."

"முக்கால் அண்ணன்கிட்டயும் அப்படித்தான்பா சொன்னாங்க."

"அவன் சோம்பேறி."

"சோம்பேறியா? நம்ம பட்டறையில அவரை விட வேலைக்காரன் யாரு, சொல்லுங்க."

அப்பா ஒரு பருக்கையைத் தட்டோரம் ஒதுக்கினார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர்.

"இப்போ ஒரு வருஷம்னு விட்டா, அடுத்த புதன்கிழமையும் தண்டு வரும். அதுக்கடுத்த புதன்கிழமையும் வரும். எனக்கு அரைன்னு பேரு வெச்சாச்சு. நாளைக்கு நீங்களே அப்படிக் கூப்பிடுவீங்க, நானும் சிரிச்சுக்கிட்டே திரும்பிப் பாப்பேன். நான் மாட்டேன்பா."

"அப்போ என் வாக்கு?"

அம்மாதான் பதில் சொன்னாள். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தபடி, யாரையும் பார்க்காமல் சொன்னாள். "நான் மடிக்கிற விரிப்பை நான் மடிச்சு வெக்கறேன். அடுத்தவ கூடையில இருக்கிறதையும் மடிச்சுத் தர்றேன்னு நான் வாக்குக் குடுத்தா, அந்த அடுத்தவளை ஒரு வார்த்தை கேக்கணுமா வேணாமாங்க?"

"நீயும் அவ பக்கமா?"

"நான் எந்தப் பக்கமும் இல்லை. எனக்குக் கை எரியுது. போய்ப் படுங்க."

அப்பா படுக்கவில்லை. சுவரில் சாய்ந்து முழங்காலைத் தானே தேய்த்துக்கொண்டிருந்தார். அவள் வெந்நீரைக் கொண்டுவந்தாள். "வேணாம்" என்றார். அவள் பாத்திரத்தை அருகில் வைத்துவிட்டுப் போனாள். விடிந்து பார்த்தபோது தண்ணீர் அப்படியே ஆறிக் கிடந்தது. அப்பா அவளுக்கு முன்னால் கிளம்பிப் போயிருந்தார்.

காலைச் சங்கு ஊதியபோது அவள் எந்திரத்தின் முன்னால் நின்றாள். வேலை உடுப்பு போடவில்லை. கல்லூரிச் சட்டையின் கையை முழங்கைவரை மடித்துவிட்டிருந்தாள், தோளில் பை. பின்முனைத் திருகைத் தளர்த்தி, கப்பியின் பட்டையைத் தண்டின் நடுவில் சுற்றினாள்.

கண்ணாடி அறைக் கதவு திறந்தது.

"என்ன நடக்குது?"

"தண்டை இறக்கறேன் சார்."

"பாதி வேலையையா? கட்டின கைதான்..."

"கட்டினது என் கைதான் சார். அதான் நானே அவிழ்க்கிறேன்."

"முடிக்காம இறக்கினா அது இரும்புக் குப்பை! மறுபடி நேர் வருமா?"

"வரும் சார். சக்குல பிடிக்கல. ரெண்டு பக்கமும் சென்டர். இதை யார் ஏத்தினாலும் நேராத்தான் ஓடும். இதுக்கு என் கைதான் வேணும்னு இல்லை."

மைக்ரான் எந்திரத்தைப் பார்த்தார். கீழே கிடந்த சக்கைப் பார்த்தார். இரும்பு தெரிந்த மனிதர், ஒரு பார்வையில் எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்ததுதான் அவருக்குக் கோபத்தைக் கொண்டுவந்தது.

"யாரும் சங்கிலியில கை வெக்கக் கூடாது. சொல்லிட்டேன். தனியா இறக்கட்டும் பாக்கலாம்."

முக்கால் இரண்டு எட்டு முன்னால் வந்தவன் நின்றான். அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒரு கையால் சங்கிலியை இழுத்தாள், மறுகையால் தண்டைப் பிடித்தாள். முனையைவிட்டு விடுபட்ட தண்டு மெல்லச் சுழன்று ஆடியது. எந்திரத்தின் தீட்டிய தளத்துக்கு ஒரு சாண் உயரத்தில் ஆடியது. விழுந்தால் தளம் பள்ளமாகிவிடும். பிறகு அந்த எந்திரமே கோணல்தான். அவள் தோளைக் கொடுத்து நிறுத்தினாள். பாரம் தோளில் இறங்கியது.

சங்கிலியை வேறொரு கை வாங்கியது.

"ரெண்டு கையாலயும் பிடி," என்றார் அப்பா. "முதுகை வளைக்காத. காலை அகட்டு."

"ஸ்பானரே!"

"தளம் போயிடும் சார். மெஷினுக்காகத்தான் வந்தேன்." அப்பா சங்கிலியை விடாமல் இழுத்தார். கடகடவென்று அது இறங்கியது.

"தொட்டேன்னா நாளையிலேர்ந்து கொட்டகைதான். தெரிஞ்சுதானே தொடறே?"

"கொட்டகைக்கும் ஒரு ஆள் போகத்தானே வேணும் சார்."

தண்டு மரக்கட்டைகள் மேல் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. அப்பா பட்டையை உருவிச் சுருட்டிக் கொக்கியில் மாட்டிவிட்டு, ஜன்னலோர மேஜைக்குப் போனார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் அவளை மன்னித்துவிட்டார் என்று நினைக்கிற அளவுக்கு அவள் ஏமாளி இல்லை. மேஜையிலிருந்த அரங்களை அவர் ஒவ்வொன்றாகப் பைக்குள் எடுத்து வைக்கத் தொடங்கியதை அவள் பார்த்தாள். இன்று இரவும் வெந்நீர் வைக்க வேண்டும். வேண்டாம் என்றாலும் வைக்க வேண்டும்.

இரண்டு துளைகளிலும் கிரீஸ் தடவி, அழுக்குப் புகாமல் துணியை அடைத்தாள். சுண்ணக்கட்டியால் தண்டின் கறுப்புப் பாதியில் பெரிய எழுத்தில் எழுதினாள்: 'இரண்டு பக்கமும் சென்டர். யாரும் ஏற்றலாம்.'

"போனா பயிற்சியை ரத்து பண்ணச் சொல்லி எழுதிடுவேன்," என்றார் மைக்ரான். அவர் கண் அந்த எழுத்தின் மேலேயே இருந்தது. "எங்கிட்ட கத்துக்கிட்டு எனக்கே வித்தை காட்டறியா?"

"பாதி உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான் சார், இல்லைன்னு சொல்லல. மீதிப் பாதி வியாழக்கிழமையில இருக்கு. நாளைக்குக் காலையில சங்குக்கு முன்னாடி வந்துடுவேன். எழுதறதுன்னா எழுதுங்க. அடுத்த புதன்கிழமையும் ரெண்டு பக்கமும் சென்டர்தான் போடுவேன்."

கையைத் துடைத்தாள். நகக்கண்ணில் கறுப்பு அப்படியே இருந்தது. போகட்டும், அளவியல் மேடம் பார்க்கட்டும். பையை இறுக்கிக்கொண்டு எந்திரங்களுக்கு நடுவே நடந்தாள். மழை மறுபடி பிடித்துக்கொண்டது. வாசலை அவள் தாண்டும்போது பின்னால் கப்பிச் சங்கிலி கடகடக்கும் சத்தம் கேட்டது. இறங்கும் சத்தம் இல்லை அது. பாரத்தோடு ஏறும் சத்தம். யாரோ அந்தத் தண்டைத் தூக்குகிறார்கள்.

யார் கை என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நின்று பார்த்தால் பஸ் போய்விடும்.